கண்ணாடி விரியனுக்கு ஏன் ஒரு டாக்டரின் பேர்? யார் இந்த பேட்ரிக் ரஸ்ஸல்?

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் கதிர் அறுப்பு நேரத்தில் வரப்பில் இறங்குகிறவர்கள் பார்த்துப் பார்த்து கால் வைப்பதற்கு முக்கியமான காரணம் கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள், கிட்டப் போனால் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். ஊருக்குள் விரியன் என்றாலே போதும். ஆனால் அறிவியல் புத்தகங்களில் இதன் பேர் ரஸ்ஸல்ஸ் வைப்பர். அந்த ரஸ்ஸல், 18-ம் நூற்றாண்டில் நம்ம கடற்கரையில் பாம்புகளோடு மல்லுக்கட்டிய ஒரு டாக்டர்.

பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்காரர். 1720-களில் பிறந்தவர். 1750-ல் சிரியாவின் அலெப்போ நகருக்குப் போனார். அங்கே ஆங்கிலேய வியாபாரிகளுக்கு டாக்டராக இருந்தவர் அவருடைய அண்ணன் அலெக்சாண்டர். 1753-ல் அண்ணன் கிளம்பிப் போக, அந்த வேலை தம்பிக்கு வந்தது. 1760-ல் ஊரையே பிளேக் பிடித்தது. 2 வருஷம் அது ஓயவில்லை. ரஸ்ஸல் ஊரைவிட்டு ஓடாமல் வைத்தியம் பார்த்தார், பார்த்ததையெல்லாம் எழுதியும் வைத்தார். அந்தக் குறிப்புகள் 1791-ல் பிளேக் பற்றிய பெரிய புத்தகமாக வந்தன. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதி வைக்கிற இந்தப் பழக்கம்தான் பின்னால் பாம்பு விஷயத்திலும் கைகொடுத்தது.

இந்தியாவுக்கு அவர் வந்தது பாம்புக்காக இல்லை, தம்பிக்காக. கிழக்கிந்திய கம்பெனியில் இருந்த தம்பி கிளாடுக்கு விசாகப்பட்டினத்தில் பெரிய பதவி கிடைத்தது. 1781-ல் கூடவே இவரும் வந்து சேர்ந்தார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. இன்றைய கணக்கில் ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்கிற வயசு.

அப்போது விசாகப்பட்டினம் சென்னை மாகாணத்தில் இருந்தது. கம்பெனிக்கு இயற்கை ஆய்வாளராக இருந்தவர், தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்து இங்கேயே தங்கிவிட்ட கோனிக். அவர் 1785-ல் இறந்ததும் அந்தப் பொறுப்பு ரஸ்ஸலுக்கு வந்தது. செடி, மீன், பாம்பு என எல்லாம் அவர் கணக்கில். ஆனால் கம்பெனிக்கு அவசரம் பாம்பில்தான். சிப்பாய்களும் ஜனங்களும் கடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். கடித்த பாம்பு விஷமுள்ளதா, இல்லையா என்று ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிக்குத் தெரிய வேண்டியது இதுதான்.

கேட்க சிம்பிளாக இருக்கிறது, இல்லையா? ரஸ்ஸலும் தேடினார். நிறம், வால், தலை வடிவம் என எதை வைத்துப் பார்த்தாலும் இடித்தது. முக்கோணத் தலை என்றால் விஷம் என்பார்கள், கட்டுவிரியனுக்குத் தலை அப்படி இருக்காது. கட்டுவிரியன் மாதிரியே வெள்ளைப் பட்டை போட்ட விஷமில்லாத பாம்பும் இருக்கிறது. மலைப்பாம்புக் குட்டியை விரியன் என்று அடிப்பதும், விரியனை மலைப்பாம்பு என்று கையில் பிடிப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. வெளித்தோற்றத்தில் நம்பகமான ஒரே அடையாளம் என்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. கடிபட்டு அலறுகிற ஆளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

அடுத்தது மருந்து. அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கு 'தஞ்சாவூர் மாத்திரை' ரொம்பப் பிரபலம். வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக், சேர்த்துச் செய்தது. ஐரோப்பிய டாக்டர்களே அதை நம்பினார்கள். ரஸ்ஸல் நாய்களுக்கும் கோழிகளுக்கும் விஷம் ஏற்றி, எந்தப் பாம்பின் விஷம் எவ்வளவு நேரத்தில் என்ன செய்கிறது என்று குறித்தார், மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார். அதன் பேருக்கும் புகழுக்கும் ஏற்ற பலன் தெரியவில்லை. இன்றைய கண்ணுக்கு அந்தச் சோதனைகள் கொடூரமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிழைத்தவர்கள் மருந்தால்தான் பிழைத்தார்களா என்று கேட்டு, அதை ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்தவர்கள் அப்போது குறைவு. விஷமில்லாத பாம்பு கடித்தாலோ, விஷம் இறங்காமல் வெறும் பல் மட்டும் பட்டாலோ எந்த மாத்திரையும் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

1789-ல் அவர் ஊர் திரும்பினார். 1796-ல் சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகள் பற்றிய அவருடைய புத்தகம் வண்ணப்படங்களோடு வெளிவந்தது. நம்ம கடலூர் கடற்கரையும் சோழமண்டலம்தான். 40-க்கும் மேற்பட்ட பாம்புகள் அதில் உண்டு. ஊர் ஜனங்கள் சொன்ன பேர்களையே அவர் பதிவு செய்தார். தெலுங்கில் பங்காரு என்றால் தங்கம். அவர் எழுதிய 'பங்காரும் பாமு' என்ற பேரிலிருந்துதான் கட்டுவிரியன் இனத்துக்கே பங்காரஸ் என்று லத்தீன் பேர் வந்தது. பேரைச் சொன்னவர்களும் பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர்களும் யாரென்று உலகம் கேட்கவில்லை. நாகத்துக்கு அடுத்து ஆபத்தானது என்று அவர் எழுதிய கண்ணாடி விரியனுக்கு அடுத்த வருஷமே அவருடைய பேர் சூட்டப்பட்டது.

கம்பெனி கேட்ட கேள்விக்கு இன்றைக்கு என்ன பதில்? ஒரு விதத்தில் அந்தக் கேள்வியே தேவையில்லாமல் போய்விட்டது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்கும் பொதுவானது. அதனால் கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதில்லை. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாமல் செய்யும். கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே டாக்டர் கணித்துவிடுவார். உறையவில்லை என்றால் ஊசி போட வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவு சங்கத்தில் இருந்து போகிறது. அது 1978-ல் தொடங்கியது. ஆனால் ஒரே கண்ணாடி விரியன் என்றாலும் ஊருக்கு ஊர் அதன் விஷத்தின் சேர்மானம் மாறுகிறது. தமிழ்நாட்டு விஷத்தை வைத்துச் செய்த மருந்து எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. தமிழ்நாடு அரசு 2024-ல்தான் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

ரஸ்ஸல் லண்டனில் கடைசிவரை பாம்போடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1804-ல் எவரார்டு ஹோமுடன் சேர்ந்து, நாகம் எப்படிப் படம் எடுக்கிறது என்றும், சில பாம்புகளுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் குழிகள் பற்றியும் எழுதினார். இரையின் உடல் சூட்டை உணரத்தான் அந்தக் குழிகள் என்பது தெரியவர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அடுத்த வருஷம், 1805 ஜூலை 2 அன்று அவர் இறந்தார். பாம்புப் புத்தகத்தின் 2-ம் தொகுதி அப்போது பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. கடைசிப் பகுதிகள் அவர் இல்லாமலேயே அச்சாகின.