குண்டுக்குத் தப்பினார், சர்க்கரை வியாதி விடவில்லை!
எம்.ஜி.ஆர். வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி

இலங்கையில் கண்டிக்கு அருகே உள்ள ஊர் நாவலப்பிட்டி. 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி எம்.ஜி.ஆர். அங்கே பிறந்தார்.

சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் கோபால மேனன் காலமானார். தாயார் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

1936-ல் "சதிலீலாவதி" படத்தில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. கதாநாயகன் ஆவதற்கு மேலும் 11 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1947-ல் "ராஜகுமாரி" வந்தது. அதன் பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை.

இரும்பு உடம்பு

கத்திச் சண்டை, சிலம்பம், தேகப்பயிற்சி எல்லாவற்றிலும் தேர்ந்தவர் அவர். 1959-ல் சீர்காழியில் நாடக மேடையில் கால் முறிந்தது. தேறி வந்து மறுபடியும் வாள் பிடித்தார்.

1967 ஜனவரி 12-ந் தேதி நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. அதிலும் பிழைத்தார். குரல்தான் பழையபடி இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார்!

1977 ஜூன் 30-ந் தேதி தமிழ்நாட்டின் முதல்-மந்திரி ஆனார்.

முறிந்த எலும்பு வலிக்கும். குண்டு பட்டால் ரத்தம் கொட்டும். உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் எம்.ஜி.ஆரைக் கடைசியில் சாய்த்த எதிரி சத்தம் போடாமல் வந்தது. அதுதான் சர்க்கரை வியாதி.

மூன்று அடி

1984 அக்டோபரில் அவர் சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சர்க்கரை கட்டுக்கு அடங்காததால் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அடுத்து லேசான மாரடைப்பு. அதற்கும் அடுத்து பக்கவாதம்.

சிறுநீரகம், இருதயம், மூளை. மூன்று தனித்தனி வியாதிகள் போலத் தோன்றும். ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்கு இவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அந்த இடம், ரத்தக் குழாய்.

பாரூர் ஏரிப் பாசனத்தில் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரி நிரம்பியிருக்கும். மதகும் திறந்திருக்கும். ஆனால் கடைமடைக்குப் போகிற சின்ன வாய்க்கால் தூர்ந்துவிட்டால் பயிர் காயும் அல்லவா?

நம் உடம்பிலும் அப்படித்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் அதிகமாகவே இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் தடித்துக் கெட்டுப்போகிறது. சல்லடையில் ஓட்டை விழுந்த மாதிரி, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது.

சிறுநீரகம் கெட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும். கொதிப்பு ஏறினால் சிறுநீரகம் இன்னும் கெடும். ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு மாறுவதால், பெரிய குழாய்களின் சுவரில் சுண்ணாம்பும் படிகிறது. ரப்பர் போல் விரிந்து சுருங்க வேண்டிய குழாய், காய்ந்த கொடி போல் விறைத்துப் போகிறது. சிறுநீரக வியாதி உள்ளவர்களில் ஏராளமான பேர் மாரடைப்பில் இறப்பது இதனால்தான்.

பொல்லாத விஷயம் என்னவென்றால், ஆரம்பத்தில் வலியே கிடையாது. கால் வீங்கும்போது பாதி காரியம் முடிந்திருக்கும். ஓசூர்ப் பக்கம் இரவு ஷிப்டு பார்க்கும் வாலிபர்கள், தெம்பாக இருக்கிறோமே என்று எண்ணுவார்கள். எம்.ஜி.ஆரைவிடவா தெம்பு?

சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒரு முறையாவது சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் சோதித்துக்கொள்ள வேண்டும். கொதிப்பையும் பார்க்க வேண்டும். கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கித் தின்பது சிறுநீரகத்துக்கு ஆகாது. பீடி, சிகரெட்டும் குழாயைக் கெடுக்கும்.

அமெரிக்காவில்

பிரதமர் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து எம்.ஜி.ஆரைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மாதம் 31-ந் தேதி அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் உள்ள ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டார்.

டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் ஆபரேஷன் நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள். நாடகக் கம்பெனியில் பசியைப் பங்கு போட்டுக்கொண்ட அதே அண்ணன்!

24-ந் தேதி தமிழ்நாட்டில் தேர்தல். ஆண்டிபட்டித் தொகுதியில் கால் வைக்காமலே ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4-ந் தேதி சென்னைக்குத் திரும்பி, 10-ந் தேதி மூன்றாவது முறையாகப் பதவி ஏற்றார்.

புதுச் சிறுநீரகம் வந்தது. ஆனால் பழுதான ரத்தக் குழாய்களை யாரால் மாற்ற முடியும்? பக்கவாதத்தால் குழறிய பேச்சு முழுவதும் திரும்பவில்லை. சிகிச்சைக்காக மறுபடியும் அமெரிக்கா போய் வந்தார்.

1987 டிசம்பர் 24-ந் தேதி அதிகாலை, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். காலமானார். அப்போது வயது 70. ஆண்டிபட்டியில் ஓட்டுப் பதிவு நடந்து அன்றோடு சரியாக மூன்று வருஷம்.