அன்றாட வாழ்வில் அருள் கண்ட வேதநாயகர்

தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களை அறியாத தமிழர் அரியர். அன்னார் சிறந்த கிறிஸ்தவ பக்தர் என்பதையும், அப்பக்தியை ஆலயத்தோடு நிறுத்தாது அலுவலிலும் இல்லறத்திலும் கைக்கொண்டவர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில், 1826ஆம் ஆண்டு அவர் தோன்றினார். இளமையில் தமிழும் ஆங்கிலமும் பயின்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் முன்சீப் பதவி எய்தித் தரங்கம்பாடியிலும், பின்னர் சீர்காழியிலும், இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்திலும் நீதி வழங்கினார்.

கைக்கூலி மலிந்திருந்த காலம் அது. கடவுள் அன்பே உருவானவர் என நம்புகிறவன், அவர் பிள்ளைகளுள் எளியவனுக்கு அநீதி செய்தல் தகுமோ? இவ்வுணர்வே அவரை நடத்தியது. 1859இல் வெளிவந்த நீதிநூலில், உத்தியோகஸ்தர் இலஞ்சம் வாங்குதலை வன்மையாகக் கடிந்தார். வழக்காடும் மக்கள் தமக்குரிய சட்டத்தைத் தாமே அறிதல் வேண்டுமென விழைந்து, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டார். பெண்கல்வியின் மேன்மையைப் பெண்மதி மாலையில் விளக்கினார்.

தேவமாதாவின் மீது அந்தாதி பாடிய அவரே, எச்சமயத்தாரும் ஒருங்கே பாடுதற்குரிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றினார். அந்நூலில் இறைவன் திருவருளைப் பாடியதோடு அமையாது, உத்தியோகத்தையும் குடும்பத்தையும் குறித்துக் கீர்த்தனைகள் செய்தமை கருதத்தக்கது. இறைவன் நன்மையைத் தேட வேண்டிய இடங்கள் இவையுமே என்பது அன்னார் கொள்கை. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய ஆருயிர் நண்பர். குளத்தூர்க் கோவை என்னும் நூலை அவர் மீது பாடியவர். சமய வேறுபாடு அந்நட்பைச் சிறிதும் குறைத்திலது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அவருடைய பக்திக்கு உரைகல்லாயிற்று. அதற்கு முன்னரே, 1872இல், அவர் பதவியினின்றும் நீங்கியிருந்தார். மாத வருவாய் குறைந்த காலம்; எனினும் பசித்து வந்தோரைக் கண்டு வாளா இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பலரைக் காத்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்தம் கொடையைப் போற்றிக் கீர்த்தனம் பாடினார்.

1889ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்பெரியார் இறைவனடி சேர்ந்தார்.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்து, பல மொழியினரும் பல சமயத்தினரும் அயலாராய் வாழும் குடியிருப்பில் நாம் வாழ்கின்றோம். நமது மேசைக்கு வரும் விண்ணப்பத்திலும், நமது வாயிலுக்கு வரும் பசியிலும், அயல்வீட்டாரின் நட்பிலும் கடவுளின் அன்பைக் காணலாம் என்பதே வேதநாயகர் வாழ்ந்து காட்டிய நெறி. அந்நெறி எச்சமயத்தார்க்கும் உரியதாகும்.