மாண்டிசோரி அம்மையார்

கூரை என்பது வீட்டின்மேல் வேய்ந்திருப்பது. கூறை என்பது மணமகள் உடுக்கும் புடவை. இரை என்பது பறவை தன் குஞ்சுக்குத் தேடிக் கொணர்வது. இறை என்பது கடவுளையும் அரசனையும் குறிப்பது. எழுத்திலே இவை வேறு, பொருளிலும் வேறு, ஆயினும் நம் காலத்தில் பெரும்பாலோர் வாயில் இவை ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் மாணவன், இரண்டில் எதனை எழுதுவது என்று அறியாமல் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு மயங்குகிறான். இத்தகைய சொற்களை மயங்கொலிச் சொற்கள் என்பர்.

இத்தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் ‘சன்’ என்னும் ஓர் ஒலியே கதிரவனுக்கும் பெயர், மகனுக்கும் பெயர். எழுத்து மட்டும் வேறு. இத்தாலிய மொழியில் ‘அன்னோ’ என்றால் ஆண்டு. அதே ஒலியுடைய மற்றொரு சொல்லுக்கு ‘அவர்கள் உடையர்’ என்பது பொருள். பின்னைய சொல்லின் முதலில் ஒலியற்ற ஓர் எழுத்து நிற்கும். அதனைக் கண் காணும்; செவி கேளாது. எனவே, செவியை மட்டும் நம்பிச் சொற்களைக் கற்றல் எந்த மொழியிலும் இயலாது. எழுத்தைக் கையால் தடவியும், சொல்லைப் பொருளோடு பொருத்தியும் இளஞ்சிறார் விளையாட்டாகவே கற்கும் ஒரு முறையை வகுத்த பெருமாட்டி அந்த இத்தாலி நாட்டிலே தோன்றினார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் கியாரவால்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசாங்கப் பணியாளர். தாயார் நூல்களில் பற்று மிக்கவர். மரியா குழந்தையாய் இருந்தபோதே குடும்பம் உரோமாபுரியில் குடியேறியது. பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலம் அது. மரியாவோ பொறியியல் கற்க விரும்பித் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மாறி மருத்துவம் பயில உறுதிகொண்டார். தந்தையார்க்கு அது உவப்பாக இல்லை. ஆடவர் நிறைந்த மருத்துவக் கல்லூரியில் பெண்ணொருத்தி அவர்களோடு நின்று பிணத்தை அறுத்து ஆராய்தல் தகாது என்று அக்காலத்தார் கருதினர். ஆதலால், பிற மாணவர்கள் சென்ற பின்னர், பிணங்கள் கிடந்த கூடத்தில் அவர் தனியே இருந்து பயில நேர்ந்தது. இருபது வயதினைக் கடந்த ஓர் இளம்பெண் அந்த அறையில் தனித்துக் கழித்த மாலைப் பொழுதுகளை எண்ணிப் பாருங்கள்! 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற பெண்டிர் அதற்கு முன் மிகச் சிலரே.

மருத்துவரான அம்மையார், உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வது வழக்கம். அங்கே மூளை வளர்ச்சி குன்றிய சிறுவர்களையும் பித்தர்களோடு அடைத்து வைத்திருந்தனர். ஒரு விடுதியில் அச்சிறுவர்கள், உணவு முடிந்த பின்னும் தரையில் கிடந்த உரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை அம்மையார் கண்டார் என்பர். காவற்பெண் அதனை அவர்தம் இழிகுணம் என்று வெறுத்தாள். அந்த அறையில் கையால் தொடுவதற்கு வேறு ஒரு பொருளும் இல்லை என்பதை அம்மையார் கண்டார். பசித்தது அவர்கள் வயிறன்று, கையே பசித்திருந்தது.

இத்தகைய சிறுவர்க்கு மருந்தைவிடக் கல்வியே வேண்டும் என்று அவர் துணிந்தார். முன்னரே பிரெஞ்சு நாட்டில் இத்துறையில் உழைத்த இட்டார்டு, செகன் என்னும் இரு மருத்துவர்களின் நூல்களைத் தேடிக் கற்றார். வெறுமனே படித்ததோடு நில்லாமல், அவற்றைத் தம் தாய்மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். செகன் எழுதிய நூல் மட்டும் 600 பக்கம் உடையது. ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நிறுத்து அறிதற்கு அதுவே வழி என்று அவர் எண்ணினார். கைவழியாகக் கற்றலைப் பிறர்க்குக் கூறுமுன் தாமே அவ்வாறு கற்றவர் அவர்.

1900ஆம் ஆண்டில், குறைபாடுடைய சிறுவரைப் பயிற்றும் ஆசிரியர்க்கென உரோமாபுரியில் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் தலைமைப் பொறுப்பினை அம்மையாரும் ஏற்றார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை சிறுவர்களோடு இருந்து கற்பித்தார். அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவில்லை. ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தும் அசைவு அவள் கைக்குப் பிடிபடவில்லை. அம்மையார் அவளை வற்புறுத்தவில்லை. காகிதக் கீற்றுகளைக் கொண்டு பாய் முடையும் விளையாட்டினை அவளுக்குக் கொடுத்தார். ஒரு கீற்றின் மேலும் அடுத்த கீற்றின் கீழுமாகச் செலுத்தி முடைதல் அதன் முறை. அது நன்கு கைவந்தபின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது, அச்சிறுமி தானே தைக்கத் தொடங்கினாள். ஒரு செயலைச் செய்யச் சொல்லுமுன், அச்செயலுக்கு வேண்டிய அசைவினைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும் என்பதை அம்மையார் அன்று தெளிந்தார். பின்னர் அவர் எழுத்துக் கற்பித்த முறை முழுவதும் இந்தச் சிறிய நிகழ்ச்சியிலிருந்து முளைத்ததே.

மூளை குன்றியவர் என்று தள்ளப்பட்ட சிறுவர் சிலர், பொதுப்பள்ளித் தேர்வில் மற்றச் சிறுவரோடு அமர்ந்து எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். நலமுடன் பிறந்த குழந்தைகளும் இவர்கள் அளவிலேயே நிற்பதற்கு அவர்தம் பள்ளிகளில் நிகழும் குறைதான் யாது என்பதே அக்கவலை.

இக்காலத்தில் அவர் வாழ்வில் நேர்ந்த ஒரு துயரத்தையும் கூறாமல் விடுதல் முறையாகாது. 1898இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். அவர் மணம் புரிந்திராமையால், அக்காலச் சமூகத்தின் பழிக்கு அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்தனர். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தம் நாளை வழங்கியவர், தம் குழந்தையை அவ்வப்போது சென்று பார்த்து வரும் நிலையிலேயே இருந்தார். மாரியோ பதினைந்து வயதளவில்தான் தாயிடம் வந்து சேர்ந்தான்.

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழையர் பகுதி ஒன்று உண்டு. அங்கே கட்டடங்களைப் புதுக்கிக் குடிவைத்த நிறுவனத்தார்க்கு ஒரு தொல்லை ஏற்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்திருந்த சிறுவர்கள் சுவர்களைக் கீறிப் பாழ்படுத்தினர். அவர்களைப் பகலில் ஓரிடத்தில் வைத்துக் காக்கவேண்டி அம்மையாரை நாடினர். சுவரைக் காக்க எழுந்த ஏற்பாடு அது! 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளோடு ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பெற்றது.

அவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்க அம்மையார் முதலில் கருதவில்லை. எழுதப் படிக்க அறியாத தாய்மார்களே வந்து தம் மக்களுக்கு எழுத்தறிவிக்குமாறு வேண்டினர். மரத்தில் செதுக்கிய எழுத்துகளை அம்மையார் நாடினார். செய்து தருவார் கிடைக்கவில்லை. ஆகவே, தச்சர் மரத்தை இழைக்கப் பயன்படுத்தும் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டைகளில் ஒட்டினார். வறுமையால் வந்த இம்மாற்றம் பெரும்பேறாய் முடிந்தது. குழந்தை தன் விரலால் எழுத்தை எழுதும் முறைப்படியே தடவும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். விரல் வழுவழுப்பான அட்டைக்கு விலகினால், வழி தவறியது தானே தெரிந்துவிடும். ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டிய தேவையே இல்லை. நாளடைவில் குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, தடவியே இன்ன எழுத்து என்று கூறி மகிழ்ந்தனர்.

இதனோடு, தனித்தனியே வெட்டிய எழுத்துகள் நிறைந்த பெட்டியும் இருந்தது. உயிரெழுத்துகள் ஒரு நிறம். மெய்யெழுத்துகள் வேறு நிறம். ஆசிரியை ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்வார். குழந்தை அதன் ஒலிகளைப் பிரித்துக் கேட்டு, எழுத்துகளைத் தேடி எடுத்து வரிசையாக வைக்கும். எழுதுகோல் பிடிக்கும் முன்னரே சொற்களை ஆக்கும் திறன் இவ்வாறு வந்தது.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ஒருநாள், வெயில் இனிதாயிருந்தமையால், அம்மையார் குழந்தைகளோடு மொட்டைமாடியில் அமர்ந்திருந்தார். அருகிலிருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையுமாறு கூறினார். அவன் தரையில் வரைந்தான், அவர் பாராட்டினார். சிறுவன் அவரை நோக்கிப் புன்னகைத்துச் சிறிது நேரம் அசையாதிருந்தான். பின்னர்த் தான் எழுதக் கற்றுவிட்டதாகக் கூவிக்கொண்டே தரையில் குனிந்து ‘கை’ என்னும் பொருளுடைய சொல்லை எழுதினான். அடுத்துப் ‘புகைபோக்கி’ என்றும், ‘கூரை’ என்றும் எழுதினான். கூச்சல் கேட்டு ஓடிவந்த குழந்தைகளும் சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கி எழுதலாயினர். அவர்களில் ஒருவரும் அதுவரை எழுதிப் பழகியவர் அல்லர். எழுதிய முதற்சொல் கையாக அமைந்தது தற்செயலே; எனினும் நினைக்குந்தோறும் இன்பம் தருகிறது.

எழுதிவிட்டதனாலேயே படிக்கத் தெரிந்துவிட்டதாக அம்மையார் கொள்ளவில்லை. எழுத்துகளைக் கூட்டி ஒலித்தல் படிப்பாகாது. எழுதியிருப்பது உணர்த்தும் பொருளைக் கொள்வதே படிப்பு என்பது அவர் கொள்கை. இதற்கென ஒரு விளையாட்டு அமைத்தார். பல பொம்மைகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றின் பெயரையும் சீட்டில் எழுதி மடித்துக் குலுக்கி வைத்தார். குழந்தை ஒரு சீட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் படிக்க வேண்டும். பின்பு அப்பொம்மையின் பெயரைக் கூறிச் சீட்டைக் காட்ட வேண்டும். சரியாயின் பொம்மையை எடுத்து விருப்பம்போல் விளையாடலாம். பொம்மையையே காணாத ஏழைக் குழந்தைகள் அவர்கள். ஆயினும் நிகழ்ந்தது வேறு. சீட்டைப் படித்தவர்கள் பொம்மையை வேண்டாது, மேலும் சீட்டுகளை எடுத்துப் படிக்கவே விரும்பினர்! பின்னர், சாளரத்தைச் சாத்துக, கதவைத் திறந்து வருக என்பன போன்ற ஏவல்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். குழந்தைகள் வாய் பேசாது படித்து, அவ்வாறே செய்து காட்டினர்.

மயங்கொலிச் சொற்களின் முடிச்சு அவிழும் இடம் இதுவே. செவி வழியாக எழுத்துகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும் குழந்தை, ஆண்டு என்னும் சொல்லையும் அதனோடு ஒலியொத்த மற்றச் சொல்லையும் ஒன்றுபோலவே அடுக்கும். பொருளோடு சீட்டைப் பொருத்தும்போதுதான் வேறுபாடு கண்ணில் படும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் மாண்டிசோரி வகுப்புகளில், ஒலியொத்த சொற்களை இணை இணையாகச் சீட்டுகளில் எழுதிக் கலந்து வைத்து, உரிய இணையையும் உரிய படத்தையும் குழந்தைகளே தேடிச் சேர்க்கச் செய்கின்றனர். நாமும் இதனைச் செய்யலாம். ஓலை வேய்ந்த சிறுகுடில் ஒன்றையும் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டினையும் வைத்து, கூரை, கூறை என்னும் இரு சீட்டுகளைத் தம்பி தங்கையரிடம் கொடுத்துப் பாருங்கள். றகரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பட்டின்மேல் வைத்த குழந்தைக்கு, நூறு முறை எழுதும் தண்டனை வேண்டியிராது.

1909இல் அம்மையார் தம் முறையை நூலாக வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா அவரைப் பெருஞ்சிறப்புடன் வரவேற்றது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தொடக்கத்தில் அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தான். அம்மையாரும் அதனை ஏற்றார். அவ்வாதரவை ஏற்றது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியதே. அச்சத்திற்கும் ஏவலுக்கும் அடங்கிய மக்களை வேண்டிய ஆட்சியும், தானே தேர்ந்து கற்கும் குழந்தையை வளர்க்கும் பள்ளியும் நெடுநாள் ஒத்துச் செல்லவில்லை. 1934இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் தாய்நாட்டை நீங்கினார். வாழ்ந்திருந்த பார்சிலோனா நகரையும் 1936இல் உள்நாட்டுப் போர் காரணமாக விட்டு நெதர்லாந்துக்குச் சென்றார்.

1939ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார். 1940 சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே ஆங்கில அரசு அவ்விருவரையும் பகைநாட்டார் எனக் கொண்டது. மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் இருக்கப் பணித்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, அரசப் பிரதிநிதி மாரியோவை விடுவித்து, அதனையே பிறந்தநாட் பரிசாக அனுப்பினார். உலகுக்கு நெடுங்காலம் உறவினன் என்றே கூறப்பட்டு வந்தவன், அச்செய்தியில் அவர் மகன் என்று குறிக்கப்பெற்றான்.

போர்க்காலத்தில் சில ஆண்டுகள் அவர் கோடைக்கானலில் தங்கினார். அங்கும் குழந்தைகளுக்குப் பள்ளி நடந்தது. 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் தொடங்கிவைத்த பணியின் பயனாய் நம் தமிழ் எழுத்துகளும் உப்புத்தாளில் உருப்பெற்றுக் குழந்தைகளின் விரல்நுனிக்கு வந்தன.

1952ஆம் ஆண்டு மே திங்கள் 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி, பிற்காலத்தில் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2002இல் லிரா வழக்கொழியும்வரை அத்தாள் மக்கள் கைகளில் நடமாடியது. அதன் மறுபுறத்தில் இருந்தது, பாடம் படிக்கும் குழந்தைகளின் படம்.