இளமையில் உதிர்ந்த இசைமலர்: ரெந்தாரோ



சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வழியே செல்வோர், பூக்கடைகளில் மல்லிகைச் சரங்களும் மாலைகளும் தொங்குவதைக் காணலாம். மணமக்களை வாழ்த்துவதற்கும் மாலை; மறைந்தவரை வழியனுப்புவதற்கும் மாலை. வரவிலும் பிரிவிலும் மலரைக் கையில் ஏந்துவது நம் மரபு. அந்நகரின் சாலையோரங்களில், வறண்ட நாள்களுக்குப் பின் மழை பெய்ததும் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் பூத்துச் சொரிகின்றன. அவற்றைச் சிங்கப்பூரின் சக்குரா என்று மக்கள் செல்லமாக அழைப்பதுண்டு. சக்குரா என்பது ஜப்பான் நாட்டுச் செர்ரி மலரின் பெயராகும்.

ஜப்பானில் பள்ளியாண்டு மார்ச்சு மாதத்தில் முடிந்து, ஏப்ரலில் மீண்டும் தொடங்குகிறது. செர்ரி மலர்வதும் ஏறக்குறைய அந்நாள்களில்தான். மலர்ந்த ஒன்றிரண்டு வாரங்களில் அது உதிர்ந்துவிடும். ஆசிரியரையும் தோழரையும் பிரிந்து செல்லும் பருவமும் மலர் உதிரும் பருவமும் அடுத்தடுத்து வருவதால், அந்நாட்டுப் பாடல்களில் இவ்விரண்டும் இணைந்தே ஒலிக்கின்றன. அத்தகைய இளவேனிற் பாடல்களுக்கு வழிகாட்டிய ஓர் இளைஞரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவர் பெயர் டாகி ரெந்தாரோ.

ரெந்தாரோ 1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் தோக்கியோவில் பிறந்தார். தந்தையார் அரசாங்க அதிகாரி. வேலை மாற்றத்தால் குடும்பம் ஊர் ஊராகச் செல்ல நேர்ந்தது. பன்னிரண்டு வயதளவில் ரெந்தாரோ தென்பகுதியிலுள்ள தக்கேத்தா என்னும் மலையூருக்கு வந்து சேர்ந்தார். அவ்வூரில் ஓகா கோட்டை என்ற பழங்கோட்டை இருந்தது. மாளிகைகள் இடிக்கப்பட்டுக் கற்சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. அச்சுவர்களின் காட்சி சிறுவனின் உள்ளத்தில் பதிந்தது.

மகன் இசை பயில்வதைத் தந்தையார் முதலில் விரும்பவில்லை. இசையால் வாழ்வு நடக்குமா என்ற ஐயம் எந்தப் பெற்றோருக்கும் எழக்கூடியதே. கட்டடக் கலைஞராக விளங்கிய உறவினர் ஒருவர் சிறுவனுக்காகப் பரிந்து பேசினார். தந்தையார் மனம் இசைந்தார். 1894இல், பதினைந்தாம் வயதில், ரெந்தாரோ தோக்கியோ இசைப்பள்ளியிற் சேர்ந்தார். 1898இல் தேர்ச்சி பெற்று, மேற்படிப்பையும் அங்கேயே தொடர்ந்தார்.

அக்காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் பாடப்பட்ட பாடல்கள் பல, மேல்நாட்டு மெட்டுகளுக்கு ஜப்பானியச் சொற்களைப் பொருத்தியவையாகும். பள்ளிப் பிரிவு விழாவிற் பாடப்பெறும் புகழ்பெற்ற மின்மினிப் பாடலின் மெட்டுங்கூட ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து வந்ததே. மெட்டு ஒரு நாட்டிலும் சொல் மற்றொரு நாட்டிலும் பிறந்தால், இரண்டும் ஒட்டாமல் நிற்பதுண்டு. தம் மொழியின் சொல்லுக்குத் தம் நாட்டவரே இசை அமைக்க வேண்டும் என்று ரெந்தாரோ உறுதி கொண்டார்.

1900ஆம் ஆண்டு, ஜெர்மனி சென்று இசை பயிலுமாறு அரசாங்கம் அவரைப் பணித்தது. யாவரும் விரும்பும் வாய்ப்பு அது. எனினும் அவர் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டினார். அந்த இடைக்காலத்திலேயே அவருடைய சிறந்த பாடல்கள் பிறந்தன. நான்கு பருவங்களைப் பற்றிய அவரது இசைத் தொகுப்பு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ஹானா, அதாவது மலர் என்னும் பாடல், சுமிதா ஆற்றங்கரையின் இளவேனில் அழகைப் பாடுவது. 1901இல் வெளிவந்த நடுநிலைப்பள்ளிப் பாட்டுநூலில் கோட்டை நிலவைப் பற்றிய பாடல் இடம்பெற்றது. டோய் பன்சூய் என்னும் கவிஞர் இயற்றிய அப்பாடல், முன்னொரு நாள் மலர் விருந்து நடந்த கோட்டை இன்று சிதைந்து கிடப்பதை எண்ணி ஏங்குவது. அதற்கு இசையமைத்தபோது, தக்கேத்தாவின் கற்சுவர்கள் ரெந்தாரோவின் நினைவில் நின்றன என்பர்.

சின்னஞ்சிறு குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. பழைய இலக்கிய நடையில் அமைந்த பாடல்கள் மழலையருக்கு விளங்கவில்லை. ஹிகாஷி குமே என்ற பெண்மணி, குழந்தைகள் பேசும் எளிய மொழியிலேயே பாடல்கள் எழுதினார், ரெந்தாரோ இசையமைத்தார். புத்தாண்டை எதிர்பார்த்துக் குழந்தை நாளெண்ணும் பாடல் அவற்றுள் ஒன்று. இன்றும் அந்நாட்டுக் குழந்தைகள் அதனைப் பாடுகின்றனர்.

1901ஆம் ஆண்டு ஏப்ரலில் ரெந்தாரோ யோக்கோஹாமாவிலிருந்து கப்பலேறினார். ஐரோப்பா செல்லும் கப்பல்கள் சிங்கப்பூர், கொழும்பு போன்ற துறைமுகங்களைத் தொட்டுச் செல்வது அந்நாளைய வழக்கம். அக்டோபரில் லைப்சிக் நகர இசைப்பள்ளியிற் சேர்ந்தார். இரண்டு திங்கள் கழிவதற்குள் நோய் பற்றியது. அது காசநோய். அதனைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் இல்லை. 1902இல் அவர் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. கப்பல் இங்கிலாந்தில் நின்றபோது, ஐரோப்பாவில் இருந்த கவிஞர் டோய் பன்சூய் அவரைக் கப்பலிற் சென்று கண்டார். ஒரே பாடலைப் படைத்த இருவரும் நேரில் சந்தித்தது அந்நோய்ப் பயணத்திலேதான்.

ஓய்தா நகரில் பெற்றோரிடம் தங்கிய ரெந்தாரோ, 1903ஆம் ஆண்டு பியானோவுக்கென ஒரு சிறு இசைப்படைப்பை எழுதினார். அதன் பெயருக்கு மனக்குறை என்பது பொருள். அதில் சொற்கள் இல்லை. அவர் விடைபெற்ற விதம் அதுவே. அவ்வாண்டு ஜூன் திங்கள் 29ஆம் நாள், இருபத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். நோய் பரவும் என்ற அச்சத்தால் அவருடைய தாள்கள் பல எரிக்கப்பட்டன. எஞ்சிய பாடல்களே இன்று அவர் பெயரைக் காத்து நிற்கின்றன. தக்கேத்தாப் பள்ளியில் அவருக்குப் பின் பயின்ற அசக்குரா ஃபுமியோ என்னும் சிற்பி, பிற்காலத்தில் அவருக்குச் சிலை செய்தார். ஓகா கோட்டையில் அச்சிலை உள்ளது. அங்கே இளவேனிலில் செர்ரி பூக்கிறது.

ஜப்பானியப் பாடல் என்றதும் நம் முதியோர் சிலருக்கு வேறு நினைவும் எழக்கூடும். 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரும் மலாயாவும் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் அவர்கள் மொழியில் பாடுமாறு பணிக்கப்பட்டனர். தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் பல்லாயிரவர். அவர்களுள் திரும்பாதோர் மிகப் பலர். அத்துயரை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும், அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகட்கு முன்பே மறைந்த இவ்விளைஞர் எவர்மீதும் தம் பாட்டைத் திணித்தவரல்லர். தம் நாட்டுக் குழந்தைகள் தம் மொழியில் மகிழ்ந்து பாட வேண்டும் என்றே உழைத்தவர். ஆணையால் பாடிய பாட்டு அந்த ஆட்சியோடு போயிற்று. அன்பால் பிறந்த பாட்டு நிலைத்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு இசையிலோ ஓவியத்திலோ நாட்டம் இருப்பின், அதனை ஒருமுறை செவி கொடுத்துக் கேளுங்கள். ரெந்தாரோவின் தந்தையார் மனம் இசைந்ததனால் ஒரு நாடே பயன் பெற்றது.

மாணவர்களே! ஆண்டிறுதியில் பள்ளியை விட்டுப் பிரியும் நாள் உங்களுக்கும் வரும். அன்று இனிய தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பொருளுணர்ந்து ஒன்றுகூடிப் பாடுங்கள். கழுத்தில் விழும் மாலை மறுநாள் வாடிவிடும். தாய்மொழியில் பாடிய பாட்டோ வாழ்நாள் முழுவதும் உங்களோடு வரும்.