பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

தமிழகத்தின் பல ஊர்களில் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லைக் காண்கிறோம். அது ஒரு கல்வி முறையின் பெயர் என்பதைப் பலரும் அறிவர். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதையும் அறிந்தோர் குறைவு. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது, முறையாகப் பயின்று பெற வேண்டிய ஒரு தொழில் என்பதை வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர் அவர்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். மகள் ஆசிரியையாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். படித்த பெண்களுக்கு அன்று திறந்திருந்த ஒரே வாயில் அதுதான் என்பதாலேயே மகள் அதை மறுத்தார். முதலில் பொறியியலை நாடினார். பின்னர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். எந்தப் பணியை வேண்டாம் என்றாரோ, அந்தப் பணியையே உயர்த்துவதில் அவர் வாழ்வு கழிந்தது.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணக்கூறாய்வு செய்வது முறையல்ல என்று கருதப்பட்டது. எனவே, வகுப்புகள் முடிந்த பின்னர் தனியாக அமர்ந்து அப்பணியைச் செய்தார். 1896-இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த மகளிர் மாநாட்டில் தம் நாட்டின் சார்பில் பங்கேற்று, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று வாதிட்டார்.

பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், மனநலக் காப்பகங்களுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு நேர்ந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள், பெரியவர்களான நோயாளிகளோடு அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். தொட்டுப் பார்க்கவோ கையில் எடுத்து விளையாடவோ அவர்களுக்கு ஒரு பொருளும் இல்லை. இவர்களுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு வந்தார் அந்த இளம் மருத்துவர். இதார், செகேன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். அத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்க 1900-இல் ரோமில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். அங்கே பயின்ற குழந்தைகள் சிலர் பொதுப் பள்ளித் தேர்வில் தேறினர். எல்லோரும் அதை அதிசயம் என்று போற்றினர். அவரை வாட்டியதோ வேறொரு கேள்வி. குறையுள்ளவர்கள் எனப்பட்ட இந்தக் குழந்தைகளாலேயே இவ்வளவு முடியுமென்றால், நலமுள்ள குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகள் எந்த அளவுக்குத் தாழ்த்தி வைத்திருக்கின்றன?

அவருடைய சொந்த வாழ்வில் இதே காலத்தில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருக்கும் அவருக்கும் 1898-இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. உண்மை வெளிப்பட்டால் தொழில் வாழ்வே முடிந்துவிடும் என்ற நிலையில், குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. பதின்பருவத்தில்தான் மகன் தாயுடன் வந்து சேர்ந்தான். உலகக் குழந்தைகளுக்காகப் பேசியவர், தம் மகனின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. ஒரு பெண் தொழிலையும் தாய்மையையும் ஒருங்கே கொள்ள அன்றைய சமூகம் இடம் தராததன் விலை அது.

1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட குழந்தைகள் புதுப்பித்த கட்டடத்தின் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்பதே உரிமையாளர்களின் கவலை. சுவர்களைக் காக்கத்தான் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஓர் அறையில் கூட்டினார்கள். மாண்டிசோரி அதைத் தம் ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார்.

அங்கே மூன்று வயதை ஒட்டிய ஒரு சிறுமி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற குழந்தைகளைப் பாட வைத்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. நாற்பது முறைக்கும் மேல் அதையே செய்து, பின்னர் மகிழ்ச்சியோடு நிறுத்தினாள். மற்றொரு நாள், ஓசையின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று குழந்தைகளுக்குச் செய்து காட்டினார் மாண்டிசோரி. பாடம் முடிந்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுவதற்காக எப்போதும் திட்டு வாங்கியவர்களுக்கு, அதை மரியாதையோடு கற்றுக்கொடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

இங்கே ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். அந்த இல்லத்தின் முதல் பொறுப்பாளர் ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர். அதே குடியிருப்பைச் சேர்ந்த எளிய பெண். அதை மாண்டிசோரி குறையாகக் கருதவில்லை. அன்றைய ஆசிரியப் பயிற்சி, குழந்தையை அடக்கி உட்கார வைக்கவே கற்றுத் தந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவரிடம், குறுக்கிடாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்வது எளிதாக இருந்தது. ஆனால், பயிற்சியே தேவையில்லை என்ற முடிவுக்கு அவர் வரவில்லை; வேறு வகைப் பயிற்சி தேவை என்று உணர்ந்தார். எப்போது உதவுவது, எப்போது விலகி நிற்பது, ஒரு குழந்தை எதற்கு ஆயத்தமாக இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்தறிய, நோயாளியைக் கூர்ந்து நோக்கும் மருத்துவரின் கண் வேண்டும். அந்தக் கண் தானாக வாய்ப்பதில்லை.

1909-இல் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். ஏறத்தாழ நூறு பேர் பயின்றனர். தம் முறையை விளக்கும் நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டார். பின்னர் மருத்துவத் தொழிலையே கைவிட்டார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவருள்ள வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது; பார்வையாளர்கள் வெளியே நின்று குழந்தைகள் பணியில் ஆழ்ந்திருப்பதைக் கண்டனர். தம்மிடம் பயின்றோர் பள்ளி தொடங்கலாம், ஆனால் பிறருக்குப் பயிற்சி அளிக்கக் கூடாது என்று மாண்டிசோரி விதித்தார். தரம் குலையக் கூடாது என்ற எண்ணத்தில் எழுந்த அந்தக் கட்டுப்பாடு, ஆதரவாளர்கள் பலரை அந்நியமாக்கியது. கில்பாட்ரிக் போன்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் அவருடைய முறையையே கடுமையாக விமர்சித்தனர். அந்நாட்டில் எழுந்த ஆர்வம் சில ஆண்டுகளில் தணிந்தது.

இத்தாலியில் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றது, அவர் வாழ்வின் மீது படிந்த நிழல். ஆனால், குழந்தையைச் சுதந்திரமாகச் சிந்திக்கப் பழக்கும் முறையும் கீழ்ப்படிதலை மட்டுமே வேண்டும் ஆட்சியும் நெடுநாள் ஒத்துச்செல்ல இயலாது. 1934-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் அவ்வாறே செய்தனர். ஸ்பெயினில் குடியேறியவரை உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் துரத்தியது. நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்.

1939-இல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவோடு அடையாறு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. பனையோலைக் கூரைகளின்கீழ் நடந்த முதல் பயிற்சி வகுப்பில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாய் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். அந்த ஆகஸ்ட் மாதம், அவருடைய எழுபதாம் பிறந்தநாள் பரிசாக மகனை ஆங்கிலேய அரசு விடுவித்தது.

போர்க்காலத்தில் ஈராண்டுகள் கொடைக்கானலில் தங்கியிருந்தார். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளியொன்று அங்கே நடந்தது. சோலைகளிலிருந்து கொண்டுவந்த செடிகளும் பூச்சிகளுமே பாடப் பொருள்களாயின. உலகின் ஒவ்வோர் உயிரும் மற்றவற்றோடு பிணைந்திருப்பதைக் குழந்தைக்கு உணர்த்தும் கல்வி என்ற அவருடைய பிற்காலச் சிந்தனை அங்கேதான் வடிவம் பெற்றது. இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 1952 மே 6-ஆம் நாள், தமது 81-ஆம் வயதில் நெதர்லாந்தின் கடற்கரை ஊரொன்றில் அவர் காலமானார்.

மாண்டிசோரி என்ற பெயரை இன்று எவரும் தம் பள்ளிக்குச் சூட்டிக்கொள்ளலாம். ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய அந்தப் பெயர், மிகுந்த கட்டணம் வாங்கும் பள்ளிகளின் விளம்பரமாகிவிட்டது. வண்ணப் பலகைகளும் மரப் பொருள்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைக் குழந்தையின் கையில் எப்போது தருவது என்று அறிந்த ஆசிரியர் கடையில் கிடைப்பதில்லை.

சான் லொரென்சோ குழந்தைகளைப் போன்றோர் இன்று நம்மிடையே பயில்வது அங்கன்வாடிகளில்தான். உணவு, எடை, தடுப்பூசி, பதிவேடு என்று எண்ணற்ற பொறுப்புகளுக்கு இடையே முன்பருவக் கல்வியையும் அங்குள்ள பணியாளரே சுமக்கிறார். அவரைக் கௌரவப் பணியாளர் என்ற பெயரிலேயே மத்திய அரசின் திட்டம் வைத்திருக்கிறது. அவருக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்பதை 2022-இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரிப் பேராசிரியருக்குத் தகுதித் தேர்வும் உயர் ஊதியமும் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. மனித மூளை மிக விரைவாக வளரும் பருவத்தில் குழந்தையோடு இருப்பவருக்கு மட்டும் அன்பும் பொறுமையும் போதும் என்று எண்ணுகிறோம்.

அன்பு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், நல்ல மனம் இருப்பதாலேயே ஒருவரை மருத்துவராக நாம் ஏற்பதில்லை. மருத்துவராக இருந்து குழந்தைகளிடம் வந்தவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. அங்கன்வாடிப் பணியாளருக்கு முறையான நீண்ட பயிற்சியும், அதற்கேற்ற ஊதியமும், கல்விப் பணியைக் கவனிக்கப் போதிய நேரமும் கிடைக்கும் நாளில்தான், அடையாற்றின் ஓலைக் கூரையின்கீழ் தொடங்கிய பணி முழுமை பெறும்.