முப்பது வயதில் மாணவரான மாமுனிவர்

இந்த யூபிலி மலர் நம் பிள்ளைகளின் கைகளிலும் தவழும். ஆகவே கல்வியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விடுவது முறையாகாது. காலை வேளைகளில் விழுப்புரம் இரயில் சந்திப்பிலும் திண்டிவனம் பேருந்து நிலையத்திலும் புத்தகப் பையுடன் நிற்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். அவர்களுக்கென்று ஒரு நல்ல மாணவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அம்மாணவர் வேறு யாருமல்லர். பெரும்புலவர் என்று நாமெல்லாம் போற்றும் வீரமாமுனிவரே அவர்.

ஞானப்பிரகாசியாரின் ஊரில்

இத்தாலி நாட்டின் வடபகுதியில் மாந்துவா நகரை அடுத்துக் காஸ்திலியோனே என்னும் ஊர் உள்ளது. அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் கொன்ஸ்தான்சோ யோசேப் பெஸ்கி பிறந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, 1568-இல், அதே ஊரில் பிறந்தவர்தாம் அலோசியுஸ் கொன்சாகா என்னும் புனித ஞானப்பிரகாசியார். பிரபுவின் தலைமகனாகப் பிறந்தும் பட்டத்துரிமையைத் துறந்து அவர் இயேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் இறையியல் பயின்றுகொண்டிருந்தபோது நகரில் கொள்ளைநோய் பரவியது. அவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்நோய்க்கே ஆளாகி, 1591 சூன் 21-இல் தம் 23-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

திருச்சபை 1729-இல் இவரை இளம் மாணவர்களின் பாதுகாவலராக அறிவித்தது. படிப்பை முடிக்காமலே இறந்த ஒருவர் மாணவர்களுக்குப் பாதுகாவலரானது எப்படி? நாம் கற்பது யாருக்காக என்னும் கேள்விக்குத் தம் உயிரையே விடையாகத் தந்தவர் அவர். அவர் பிறந்த மண்ணில் வளர்ந்த பெஸ்கியும் 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். இரவேன்னா, பொலோஞா நகர்களில் பயின்று குருவானார். 1710-இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைபரப்புத் தளத்தை அடைந்தார்.

குருவானவர் மாணவரானார்

அப்போது அவருக்கு வயது முப்பது. இலத்தீனும் மெய்யியலும் இறையியலும் கற்றுத் தேர்ந்தவர். ஆனால் இங்கே ஒரு சிறுவனுக்குத் தெரிந்த தமிழ்கூட அவருக்குத் தெரியாது. உபதேசியார் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நாலு சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து காலம் தள்ளியிருக்கலாம். அவரோ மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். கற்றவர் என்ற பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு, தமிழ்ப் புலவர்களின் முன் மாணவராக அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழாசிரியராக இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காவியுடை தரித்து, இம்மண்ணின் துறவிகளைப் போலவே வாழ்ந்தார்.

அவர் கற்ற காலம் அமைதியான காலமன்று. 1714-15-ஆம் ஆண்டுகளில் குருக்கள்பட்டியில் எழுந்த வேதகலாபனையில் அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டு, மயிரிழையில் உயிர் தப்பினார். அஞ்சி ஓடியிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? அவரோ அதன்பின் மதுரையில் தங்கித் தமிழை ஆழ்ந்து கற்றார். இன்று ஒரு தேர்வில் தவறியதும் உலகமே இருண்டுவிட்டதென்று எண்ணும் பிள்ளைகளும், அப்பிள்ளையை உடனே வேலைக்கு அனுப்பிவிடத் துடிக்கும் பெற்றோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குபவனே மாணவன்.

தான் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் வைத்தார்

அக்காலத்தில் தமிழ் கற்பது எளிதன்று. பாடங்கள் ஓலையில் இருந்தன. சொற்பொருள் அறிய நிகண்டுகளையே நாட வேண்டும். அவை செய்யுளாக, பொருள் வகையால் தொகுக்கப்பட்டவை. முழுவதையும் நெட்டுருப் போட்டவருக்கே ஒரு சொல்லின் பொருள் சட்டென்று கிட்டும். முனிவர் அவற்றைக் கற்றதோடு நிற்கவில்லை. சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக, 1732-இல் சதுரகராதியை இயற்றினார். அதன்பின் எழுத்தறிந்த எவரும் தேடும் சொல்லைத் தாமே கண்டுகொள்ளலாயிற்று. தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் அகர வரிசை அகராதிகளுக்கு அதுவே முன்னோடி. அவர் பிறந்த நாளைத் தமிழக அரசு தமிழ் அகராதியியல் நாளாகக் கொண்டாடுவது இதனாலேயாம்.

எழுத்திலும் ஒரு தடை இருந்தது. எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது பழைய முறை. ஓலை கிழியுமென்று அஞ்சிப் பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் பெறு என்பதா பேறு என்பதா, கொல் என்பதா கோல் என்பதா என்று படிப்பவர் திகைக்க நேர்ந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தை நீக்கியவர் நம் முனிவர். இன்று முதல் வகுப்புக் குழந்தை ஏணி என்று எழுதும்போது, அவர் செய்த உதவியைத் தன்னை அறியாமலே பெற்றுக்கொள்கிறது. தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணமும், திருக்குறளின் அறத்துப்பால் பொருட்பால் இரண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவர் உழைப்பின் பலன்களே. தாம் இடறிய இடத்திலெல்லாம், பின்னால் வருபவர் இடறாதபடி ஒரு படிக்கல்லை வைத்துச் சென்றார்.

தன்னை எண்ண மறந்தவர்கள்

அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையைப் படித்துச் சிரிக்காதவர் யார்? குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்தபின் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு கொண்டுபோயிற்றென்று அழுது புலம்புகிறார்கள். நம் படிப்பிலும் இது நடப்பதில்லையா? வினாத்தாள் கடினம், ஆசிரியர் சரியில்லை, வீட்டில் வசதியில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நம்மையும் சேர்த்து எண்ணினோமா? இயேசு சபையார் நாள்தோறும் ஆன்ம சோதனை செய்வது வழக்கம். மாணவரும் இரவில் படுக்குமுன், இன்று என்ன கற்றேன், எந்த நேரத்தை வீணாக்கினேன் என்று ஆண்டவர் திருமுன் ஐந்து நிமிடம் எண்ணிப் பார்ப்பாராக.

தச்சருக்கு ஒரு காவியம்

1726-இல் அவர் பாடி முடித்த தேம்பாவணி 3,615 பாடல்களைக் கொண்ட பெருங்காவியம். அதன் தலைவர் அரசரல்லர், போர்வீரருமல்லர். நாசரேத்துத் தச்சராகிய புனித சூசையப்பர். தாம் கற்ற தமிழின் முழு அழகையும் கைத்தொழில் செய்த ஒருவரின் காலடியில் வைத்தார் நம் முனிவர். பட்டம் பெற்றபின், நெல் வயலில் நின்ற தந்தையையும் சித்தாள் வேலை செய்த தாயையும் நண்பர்முன் காட்ட வெட்கப்படும் பிள்ளை, எத்தனை மதிப்பெண் பெற்றாலும் கிறிஸ்தவக் கல்வியில் தேறவில்லை.

தேர்வுக்குமுன் பேனாவை ஆசீர்வதித்துக்கொள்வது நல்ல வழக்கமே. ஆனால் செபம் உழைப்புக்கு உயிரூட்டுமேயன்றி உழைப்புக்கு மாற்றாகாது. தாலந்தைப் புதைத்தவனை ஆண்டவர் பாராட்டவில்லை. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, செவிமடுத்தும் கேள்வி கேட்டும் இருந்த இயேசுபாலனே நம் மாணவர்க்கு முதல் மாதிரி.

வீரமாமுனிவர் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. நமக்கோ அவர் இன்னும் அருகில் இருக்கிறார். நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில், அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் திருத்தலம் உள்ளது. பெற்றோரே, அடுத்த முறை அங்கே திருயாத்திரை செல்லும்போது, மெழுகுதிரி ஏற்றிய கையோடு இந்த மாணவரின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேல்வகுப்பு மாணவர்களே, நீங்கள் கற்ற கணக்கையும் இலக்கணத்தையும் பங்கிலுள்ள ஒரு சிறு பிள்ளைக்கு வாரம் ஒரு மணிநேரம் சொல்லிக் கொடுங்கள். இந்த யூபிலி ஆண்டில் நம் பங்குக்கு நீங்கள் தரக்கூடிய சிறந்த காணிக்கை அதுவே. ஞானத்தின் இருப்பிடமாகிய அன்னை மரியாள் நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக.