பலஸ்தீனர்க்காகச் சாட்சியம் திரட்டிய இலங்கையர்

பலஸ்தீன மக்களுக்காகக் கல்முனைக் கரையோரப் பள்ளிவாசல்களில் ஏந்தப்படும் கைகளை நாம் அறிவோம். அம்மக்களின் உரிமைக்காக உலக அரங்கில் உழைத்த ஓர் இலங்கையரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் ஹமில்ட்டன் ஷேர்லி அமரசிங்க.

1913 இல் பிறந்த அவர், இலங்கைச் சிவில் சேவையில் உயர் பதவிகள் வகித்தார். இந்தியாவில் உயர் ஸ்தானிகராகக் கடமையாற்றிய பின்னர், 1967 இல் ஐக்கிய நாடுகள் சபைக்கான இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியானார். அவ்வாண்டு ஜூன் மாத யுத்தத்திலேயே மேற்குக் கரை, கிழக்கு ஜெரூசலம், காஸா ஆகியன இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகின. அங்குள்ள மக்களின் மனித உரிமை நிலைமையை ஆராய விசேட குழுவொன்றை அமைக்க 1968 டிசம்பரில் பொதுச்சபை தீர்மானித்தது. இலங்கை, சோமாலியா, யூகோஸ்லாவியா ஆகியன அதில் அங்கம் வகித்தன. தலைமைப் பொறுப்பு அமரசிங்கவைச் சேர்ந்தது.

இஸ்ரேல் ஒத்துழைக்க மறுத்தது. ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் கால்வைக்கவும் அனுமதிக்கவில்லை. கதவு அடைபட்டதென்று குழு ஓய்ந்துவிடவில்லை. 1970 இல் அம்மான், டமஸ்கஸ், பெய்ரூத், கெய்ரோ முதலிய நகரங்களுக்குச் சென்று, பாதிக்கப்பட்டோரின் வாய்மொழியைச் சாட்சியமாகப் பெற்றது. வீடுகள் தகர்க்கப்பட்டமையும் மக்கள் வெளியேற்றப்பட்டமையும் 1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா சாசனத்தோடு ஒப்புநோக்கப்பட்டன. முதல் அறிக்கை அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியாயிற்று.

அவ்வறிக்கையால் ஆக்கிரமிப்பு நீங்கிவிடவில்லை. எனினும், பதியப்படாத கொடுமை நடக்காத கொடுமையாகிவிடும். அதனைத் தடுத்ததே அக்குழுவின் சேவை. அரைநூற்றாண்டுக்கும் மேலாக இலங்கைப் பிரதிநிதிகளே அதற்குத் தலைமை வகித்து வந்துள்ளனர்.

1976 இல் பொதுச்சபைத் தலைவராகவும் தெரிவான அமரசிங்க, கடற்சட்ட மாநாட்டையும் தலைமையேற்று நடத்தினார். அதன் சாசனம் 1982 இல் நிறைவேறுமுன்னரே, 1980 டிசம்பர் 4 இல் காலமானார்.

அவர் முஸ்லிமுமல்லர், அரபியருமல்லர். அநீதிக்கு எதிராகச் சாட்சியம் திரட்ட இன உறவு தேவையில்லை என்பதே அவர் விட்டுச்சென்ற பாடமாகும். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு அமைந்துள்ள இக்கரையோரத்தில் அப்பாடம் இரு சமூகங்களுக்கும் உரியது. 1990 இன் வன்செயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் உயிரையும் வீட்டையும் இழந்தனர். எனினும், தத்தமது இழப்பை மட்டுமே எண்ணிக்கொள்ளும் பழக்கம் இன்னும் நம்மை விட்டகலவில்லை. காஸாவின் இடிபாடுகளுக்காகக் கலங்கும் நாம், அயலவரின் துயரத்துக்கும் சாட்சிகளாவோம். அப்போதுதான் பலஸ்தீனத்துக்காக எழும் நமது குரலுக்கு வலு உண்டாகும்.